சந்தைப் பையில் இருக்கும் வரலாறு



சந்தையில் வாங்கிய மரக்கறியைப் பிள்ளைகளோடு இருந்து வெட்டும்போது, பெயர்களின் கதையையும் சொல்லிக் கொடுப்போம்.

'கோவா' போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. 'போஞ்சி' ஒல்லாந்தரின் சொல். நாம் சமைக்கும் 'குசினி'யும் போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். கொச்சிக்காயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அது வரும்வரை இங்கே ஆணத்துக்கு உறைப்புத் தந்தது மிளகு.

ஆனால் போர்த்துக்கேயர் நம்மை நன்றாக நடத்தியவர்கள் அல்லர். 1505இல் வந்தவர்கள் நம் முன்னோரின் கடல் வணிகத்தைப் பறித்தார்கள். 1626இல் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்தே விரட்டினார்கள். கண்டி மன்னர் செனரத் அடைக்கலம் கொடுத்தார். பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார். அங்கே ஏற்கெனவே இருந்த நம்மவர்களோடு சேர்ந்து அவர்களும் மண்ணை நம்பி வாழப் பழகினார்கள்.

விரட்டியவர்களின் சொல் இன்றும் நம் குசினியில் இருக்கிறது. அவர்களின் கோவா தேங்காய்ப்பாலில் கொதித்து நம் ஆணமாகிவிட்டது. சிங்களவர் வீட்டிலும் தமிழர் வீட்டிலும் கோவா, போஞ்சி என்றுதான் சொல்கிறார்கள்.

"நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்று நம் பிள்ளைகளை யாராவது கேட்டால், கோபப்பட வேண்டாம். அவர்களுடைய கறிச்சட்டியையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லட்டும்.

அதற்குப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். இந்த வாரம் அவர்களையும் குசினிக்குக் கூப்பிடுங்கள்.