கூட்டாதே, அச்சிடு

ஊட்டியில் கணக்கு வாத்தியார் நான். அந்நாளில் வினாத்தாளுக்கு ஸ்டென்சில் தாள்தான். வர்க்கமூலக் குறியைக் கையால் கீறுவோம். கையெழுத்தை நம்பியது நாங்கள் மட்டுமல்ல: டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1957-இலேயே இராமானுஜன் நோட்டுப் புத்தகங்களை எழுத்துக் கோக்காமல், கையெழுத்தை அப்படியே படமெடுத்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பெரும்பாலும் நிரூபணம் எழுதப்படாத சூத்திரங்கள். திருத்தாமல் விட்டதே நல்லது.

1978-இல் டொனால்ட் நூத்தின் அச்சுக்கோப்பு நிரல் டெக் வந்தது, பிறகு பைத்தான் நிரல்மொழியில் குறியீட்டுக் கணிதம் செய்யும் சிம்பை. வினாவுக்காக 1³+12³ என்று பைத்தானில் கொடுத்தால், சிம்பைக்குப் போகுமுன்பே 1729 ஆகிவிடும். அதிகப்பிரசங்கித்தனம்! பையன் போட வேண்டிய கூட்டலை இயந்திரம் போட்டால் வினாத்தாள் எதற்கு? எண்களைச் சிம்பையின் 'அன்இவேல்யுவேட்டட்எக்ஸ்ப்ர்' என்ற உறைக்குள் வைத்தால் கோவை கலையாமல், டெக்கின் மேல் அமைந்த லேட்டெக்குக்கு அச்சிடப் போகும். 'டூஇட்' என்று சொன்னால்தான் கூட்டும்.