ஒரு துயரம், இரண்டு அஞ்சல் தலைகள்



அஞ்சல் தலை சேகரிப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்தை மாற்றியவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். தன் பெரியப்பா விட்டுச்சென்ற பழைய ஆல்பம் ஒன்றை அவன் என்னிடம் கொண்டுவந்தான். அதில் கரிய நிறத்தில் ஓர் அஞ்சல் தலை இருந்தது. கண் மூடிய மனிதன் ஒருவனின் முகம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த அயல்மொழி எழுத்துகள் எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

"ஐயா, இவர் யார்?" என்று அவன் வினவினான்.

நானோ வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். அறியேன் என்று சொல்ல நாணினேன். "நாட்டுக்காக உயிர் நீத்த தலைவர் ஒருவராக இருக்கலாம்" என்று கூறிவிட்டேன். அவன் என் சொல்லை நம்பி, அத்தலையின் கீழே 'தியாகி' என்று அழகிய கையெழுத்தில் எழுதிக்கொண்டான்.

பல மாதங்கள் கழித்து ஒரு நூலில் அதே தலையின் படத்தைக் கண்டபோது என் நெஞ்சு நடுங்கிற்று. அந்த முகம் ரைன்ஹார்ட் ஹைட்ரிக் என்பவனுடையது. ஹிட்லரின் ஆட்சியில், இன்றைய செக் நாட்டுப் பகுதியை அடக்கி ஆண்ட கொடியவன் அவன். யூத மக்களைப் பூண்டோடு அழிக்கத் திட்டம் வகுத்தோருள் முதன்மையானவனும் அவனே. 1942 மே 27-ஆம் நாள் பிராக் நகரில் இரு விடுதலை வீரர்கள் அவனைத் தாக்கினர். ஜூன் 4-ஆம் நாள் அவன் இறந்தான். ஓராண்டு கழித்து, 1943-இல், அவனுடைய சாவு முகத்தை அச்சிட்டு அஞ்சல் தலை வெளியிட்டனர் நாஜி ஆட்சியாளர். அஞ்சல் கட்டணம் 60 ஹாலர்; அதன்மேல் மிகைப்பணமாக 4 கொருனா 40 ஹாலர். மக்களை ஒடுக்கியவனுக்கான அந்த நினைவுத் தலைக்கு அஞ்சல் கட்டணத்தைவிடப் பன்மடங்கு விலை குறிக்கப்பட்டிருந்தது.

அவன் இறந்தபின் நடந்தது என்ன? பிராக் நகருக்கு அண்மையில் லிடிட்சே என்னும் சிற்றூர் இருந்தது. அவ்வூரார் கொலைக்கு உடந்தை என்பதற்குச் சான்று ஏதுமில்லை. ஆயினும் 1942 ஜூன் 10-ஆம் நாள் அவ்வூர் ஆடவர் 173 பேர் ஒரு தோட்டத்துச் சுவரருகே சுட்டுக் கொல்லப்பட்டனர். பெண்கள் ராவன்ஸ்பிரூக் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். அவர்களுள் 82 பேர் செல்ம்னோ என்னுமிடத்தில் நச்சுப்புகையால் மாய்ந்தனர். வீடுகள் எரிந்தன, கோவில் இடிந்தது, இடுகாடும் தோண்டப்பட்டது. அவ்வூரின் பெயரே நிலப்படத்தில் இருத்தலாகாது என்பது கொடியோரின் எண்ணம்.

அவ்வெண்ணம் ஈடேறவில்லை. அதே ஆண்டிலேயே அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துக் குடியிருப்பு ஒன்று லிடிட்சே என்று பெயர் பூண்டது. மெக்சிகோவிலும் ஓர் ஊர் அப்பெயரை ஏற்றது. விடுதலை பெற்ற செக்கோஸ்லோவாக்கியா, 1947-இல், ஐந்தாம் நினைவாண்டில் லிடிட்சேக்காக அஞ்சல் தலைகளை வெளியிட்டது. துயருறும் பெண்ணின் உருவம் அவற்றில் இடம்பெற்றது. நடுகல் நட்டு வீரரைப் போற்றியது நம் மரபு. லிடிட்சேயின் குழந்தைகளோ போர்க்களம் கண்ட வீரர் அல்லர். அவர்களுக்கு அந்தச் சிறு தாளே நடுகல்லாயிற்று.

மாணவர்களே, ஒரே நிகழ்ச்சியின் விளைவாக இரண்டு அஞ்சல் தலைகள் பிறந்ததைக் கண்டீர்கள். ஒன்று கொன்றவனுக்காக அழுதது. மற்றொன்று கொல்லப்பட்டோருக்காக அழுதது. எனவே நினைவுத் தலை ஒன்று கைக்கு வந்தால், "இதில் இருப்பவர் யார்?" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். "இதை வெளியிட்டவர் யார்? எப்போது வெளியிட்டார்? யாரை மறைத்தார்?" என்றும் கேளுங்கள்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1919 ஏப்ரல் 13-ஆம் நாள் ஜாலியன்வாலா பாக்கில் நிகழ்ந்த படுகொலையில் மாண்டோர் 379 பேர் என்று ஆங்கில அரசு கணக்குச் சொன்னது. உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்று நம்மவர் மறுத்தனர். சுட்ட அரசின் தலைகளில் அதன்பின்னும் மன்னரின் முகமே விளங்கியது. ஐம்பதாண்டு நிறைவில், 1969-இல், சுதந்தர இந்தியா 20 காசு தலை ஒன்றை அந்நிகழ்ச்சியின் நினைவாக வெளியிட்டது.

அரசு வெளியிடுவது அஞ்சல் தலை. வணிகர் வெளியிடுவது படத் தபால் அட்டை. அதனையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கி ஏறத்தாழ 1500 பேர் மாண்டனர். தபால் மூட்டைகளைக் காக்க முயன்ற அஞ்சல் ஊழியர் ஐவரும் அவர்களுள் அடங்குவர். உடனே நினைவு அட்டைகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவற்றுட் பலவற்றில் இருந்தது டைட்டானிக்கின் படம் அன்று. அதன் உடன்பிறப்பான ஒலிம்பிக் கப்பலின் படம்! அட்டையில் வெளிப்பட்ட துயரம் மெய்யாக இருக்கலாம், படம் மெய்யன்று.

ஆகவே சேகரிப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ளல் நலம். அஞ்சல் தலையைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். பழைய உறையிலோ அட்டையிலோ தேதி முத்திரை இருந்தால், தலையை மட்டும் நனைத்துப் பிரித்துவிடாதீர்கள். முத்திரையும் ஒரு சாட்சியே. விலையை எழுதுவதற்கு முன் ஆண்டையும், நிகழ்ச்சியையும், மாண்டோரையும் பற்றி இரண்டு வரிகள் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்.

இந்தக் கடைசி நெறியை நான் கற்றது அம்மாணவனிடம்தான். உண்மை அறிந்ததும் அவனை அழைத்து, என் பிழையை வகுப்பில் எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டேன். "ஐயா, இதைக் கிழித்து எறிந்துவிடட்டுமா?" என்றான். "வேண்டா தம்பி. தலை இருக்கட்டும், நாம் எழுதிய பொய்யை அழிப்போம்" என்றேன். அவன் 'தியாகி' என்ற சொல்லை அழித்து, உண்மையை எழுதினான். அருகிலேயே ஓரிடத்தை வெறுமையாக விட்டு, அதன் கீழே 'லிடிட்சே' என்று எழுதி வைத்தான். அந்தத் தலை அவனுக்குக் கிடைக்க நெடுநாள் ஆயிற்று. ஆயினும் அந்த ஆல்பத்தில் நான் மிகுதியும் நோக்கியது அவ்வெற்றிடத்தையே.