மாணவர் சங்கங்களும் மண்டப அனுமதியும்

உருத்திரபுரத்து வாய்க்கால் வரம்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விதி என்பது யாதென விரித்துரைக்க வேண்டியதில்லை. சிறுபோகம் வருமுன் கூட்டம் கூடுகிறது. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறதென்று பார்த்து, இவ்வாண்டு இத்தனை ஏக்கர் விதைக்கலாம், இன்ன நாளில் இன்ன வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கப்படும் என்று தீர்மானிக்கப்படுகிறது. அத்தீர்மானத்தைக் குறைகூறாத கமக்காரனும் இல்லை. அப்படியொரு கூட்டமே வேண்டாம் என்று சொல்லும் கமக்காரனும் இல்லை. அறுத்த நெல்லில் எவன் வீட்டில் என்ன சோறு சமைப்பது என்று அக்கூட்டம் கட்டளையிடப் புகுந்தால், அன்றைக்கே மண்வெட்டிகள் தோளுக்கேறிவிடும்.

இதனை ஈண்டுச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் பகுதி வாலிபரும் பெண்பிள்ளைகளும் இன்று பல்கலைக்கழகம் புகுவதற்கு யாழ்ப்பாணத்துக்கோ பேராதனைக்கோதான் போக வேண்டும் என்பதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் நமக்கு அணித்தாயுள்ள கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இயங்குகின்றன. வவுனியா வளாகமும் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு சென்று ஒரு மன்றத்தில் சேர்ந்து, ஒரு வாணி விழாவையோ தமிழ் விழாவையோ நடத்த முற்படும் மாணவனை முதலில் எதிர்கொள்வது ஒரு விண்ணப்பப் படிவம். மண்டபம் எது, நேரம் எது, பேச வருபவர் யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, பொறுப்பாசிரியர் கையொப்பம் எங்கே என்றெல்லாம் அது கேட்கும். இக்கேள்விகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. அதனை அறிந்தவன் படிவத்தை வீணே வெறுக்கவும் மாட்டான். அதற்கு வீணே அஞ்சவும் மாட்டான்.

1815ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் மாணவர் சிலர் கூடி ஒரு விவாத சங்கம் அமைத்தனர். அரசியல் விடயங்களையும் அவர்கள் அஞ்சாது பேசினர். அதுவோ நெப்போலியப் போர்கள் ஓய்ந்து, வேலையின்மையும் விலையேற்றமும் மக்களை வாட்டிய காலம். ஆட்சியாளர் கலகத்துக்கு அஞ்சினர். 1817இல் பிரித்தானிய அரசாங்கம் ஆட்கொணர்வு உரிமையை இடைநிறுத்தியது. பொதுக்கூட்டங்களை அடக்கவும் சட்டமியற்றியது. அவ்வாண்டு மார்ச் 24ஆந் திகதி விவாதம் நடந்துகொண்டிருக்கையில் பல்கலைக்கழக ஒழுக்காற்று அதிகாரிகள் உள்ளே வந்து, துணைவேந்தர் ஜேம்ஸ் வூட் அவர்களின் ஆணைப்படி சங்கத்தார் கலைந்து செல்ல வேண்டும் என்றனர். அன்று தலைமை வகித்தவர் வில்லியம் ஹியூவெல் என்னும் இளைஞர். அவர் பதறவில்லை. வெளியார் தயவுசெய்து வெளியே நிற்க, இச்செய்தியைச் சபை ஆராயும் என்று மறுமொழி கூறினாராம். ஆராய்ந்தும் பயனில்லை; சங்கம் மூடப்பட்டது.

நான்காண்டு கழித்து, 1821இல், மீண்டும் கூட அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: 1800ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட அரசியலைப் பேசலாகாது. மாணவர் என்ன செய்தனர்? அன்றைய வழக்குகளுக்குப் பழைய ஆண்டொன்றின் போர்வையைப் போர்த்துப் பேசினர். முந்திய நூற்றாண்டின் மன்னனைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். கேட்டிருப்போர்க்கு இன்றைய மந்திரி யாரென்று புரிந்துவிடும். விதியால் அடைபட்டது வாயே. கருத்து வேறு மடையால் பாய்ந்தது. வேடிக்கை என்னவெனில், தலைவராயிருந்த ஹியூவெல் பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகத்தின் பெரும் அறிஞராகித் துணைவேந்தர் பதவியையும் வகித்தார். அனுமதி கேட்பவனும் அனுமதி கொடுப்பவனும் ஒரே மனிதனாய் இருவேறு வயதில் நிற்கக் காண்கிறோம்.

இவ்வழக்கம் கப்பலேறி நம் பக்கம் வந்தபோது இன்னும் கடுமையாயிற்று. 1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டபொழுது சுதேசிக் கூட்டங்களில் மாணவர் பெருகக் கண்ட அரசாங்கம், அவ்வாண்டு ஒக்டோபரில் கார்லைல் என்னும் உத்தியோகத்தர் பெயரால் ஒரு சுற்றுநிருபம் விடுத்தது. மாணவரைக் கட்டுப்படுத்தாத கலாசாலைக்கு உதவிப்பணமும் புலமைப்பரிசிலும் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். மாணவர் அச்சுற்றுநிருபத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் கண்டனர். மறு ஆண்டில் தேசியக் கல்விச் சபையும் தோன்றியது. நம் யாழ்ப்பாணத்திலோ 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினர். பின்னர் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்றதும், 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்ததும் அதுவே. எந்த ஒரு கல்லூரிக்குள்ளும் அடங்காத சங்கம் அது. ஆதலின் எந்த அதிபரிடமும் மண்டபச் சாவி கேட்டு நிற்க வேண்டிய நிலை அதற்கில்லை. அதன் துணிவுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி பிறந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர்; மாணவர் ஒன்றாய் உண்டு உறைந்து கற்கும் விடுதிப் பல்கலைக்கழகம் ஒன்றை மகாவலிக் கரையில் காண விரும்பியவர். 1952இல் பேராதனையில் அது உருப்பெற்றது. வளாகத்திலேயே வாழும் மாணவனுக்கு மாலைப்பொழுது நீண்டது. ஆகவே சங்கங்கள் மலிந்தன. அவற்றோடு ஆங்கில நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஒரு வழக்கமும் கூடவே வந்தது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஆசிரியருள் ஒருவர் பெரும்பொருளாளர். மாணவருள் ஒருவர் இளம்பொருளாளர். தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மலரைப் புரட்டிச் செயற்குழுவின் பெயர்களைப் படித்தவர்கள் இவ்விரு பதவிகளையும் கண்டிருப்பர். இப்பெயர்களை முதன்முறை கேட்கும் நம் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரிக்கத்தக்கதன்று அது. மாணவர் மூன்று நான்கு ஆண்டில் போய்விடுவர், கடன் போகாது. கூடாரம் போட்டவனும் ஒலிபெருக்கி தந்தவனும் அடுத்த ஆண்டு வந்து வாசலில் நிற்கும்போது முகங்கொடுக்க ஒருவர் வேண்டும். பெரும்பொருளாளரின் கையொப்பம் பிறந்தது இத்தேவையிலேயே.

அக்காலப் பேராதனையில் இவ்விதிகளின் கீழ் நடந்தவற்றை எண்ணினால் மனம் நிறைகிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை மாணவர்க்கென்று நாடகங்கள் எழுதினார். அவர் வழிவந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்பு வயல்வெளிகளில் விடியவிடிய ஆடப்பெற்ற கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று மாணவர் ஆடினர். விடியவிடிய ஆடும் கூத்து சில மணிநேரத்துக்குச் சுருங்கியது கலைநோக்கால்தான். எனினும், விடுதிக் கதவு அடைபடும் நேரமும் ஓரளவு கத்தரிக்கோல் பிடித்திருக்கும் என்று நான் வேடிக்கையாய் எண்ணுவதுண்டு. அதே மலைச்சாரலின் திறந்தவெளி அரங்கில் 1961இல் சரச்சந்திராவின் ‘சிங்கபாகு’வும் மேடையேறியது. ஒரே வளாகம், ஒரே விண்ணப்பம், இரு மொழிக் கலை. அந்நாளை நினைப்பவர்க்கு இன்று பெருமூச்சு வருவது இயல்பு.

நிற்க. இக்கட்டுரையாளன் மாணவனாயிருந்த வளாகமொன்றில் வாணி விழா எடுக்கப் புகுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு கையொப்பம் வேண்டும். மூன்று கிடைத்தன, நான்காமவர் ஊருக்குப் போய்விட்டார். பூசை நாள் மறுநாள். கடைசியில் காவலாளி ஐயா ஒருவர் இரங்கி, அலுவலகத்தில் தொலைபேசி எடுத்துக் கேட்டுச் சாவியைத் தந்தார். தந்தவர், “தம்பி, உள்ளே கர்ப்பூரம் கொளுத்தப்படாது, விதி” என்றும் சொன்னார். எங்களுக்குச் சினம் பொங்கியது. சமயத்தை அவமதிக்கும் விதியென்று ஒருவன் துண்டுப்பிரசுரம் எழுதவே உட்கார்ந்துவிட்டான். மூத்த மாணவி ஒருவர் எழுந்து போய் மேடைத் திரையைத் தொட்டுப் பார்த்தார். பழைய துணி, பஞ்சுபோல உலர்ந்திருந்தது. தீபாராதனையை முன்விறாந்தையில் வைத்துக்கொண்டோம். விதி நியாயமானதே, அதன் காரணத்தை எங்கும் எழுதி வையாததே குறை.

அமெரிக்காவில் 1964இல் நிகழ்ந்ததை இங்கு ஒப்பிடலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாக வாசலில், கறுப்பின மக்களின் உரிமைக்காக மாணவர் மேசை போட்டுப் பணம் திரட்டினர், துண்டுப்பிரசுரம் கொடுத்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் நிர்வாகம் அதனைத் தடுத்தது. ஒக்டோபர் முதலாந் திகதி மேசை போட்ட ஒருவரைப் பொலிசார் காரில் ஏற்றினர். சூழ்ந்த மாணவர் காரை அசையவிடவில்லை. 32 மணிநேரம் அது நின்ற இடத்திலேயே நின்றது. மாரியோ சாவியோ என்னும் மாணவர் அதன்மேல் ஏறிப் பேசினார். ஏறுமுன், காருக்குச் சேதம் வரக்கூடாதென்று காலணியைக் கழற்றினார்! நம்மவர் கோயில் வாசலில் செய்வதை அவர் பொலிஸ் வண்டிக்குச் செய்தார். டிசெம்பரில் ஏறத்தாழ எண்ணூறு பேர் கைதாயினர். அம்மாதம் 8ஆந் திகதி ஆசிரியர் சபை 824 வாக்குகளுக்கு 115ஆக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கூட்டத்தின் நேரம், இடம், முறை ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் ஒழுங்குபடுத்தலாம். பேசப்படும் பொருளைக் கட்டுப்படுத்தலாகாது என்பதே அதன் கருத்து. வாய்க்கால் கூட்டத்துக்கும் சோற்றுப் பானைக்கும் இடையே நாம் கண்ட வரம்பு இதுதான்.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டமே இன்றும் அடிப்படை. மாணவர் ஒன்றியங்களுக்கும் சங்கங்களுக்கும் அது இடந்தருகிறது. ஒழுக்கத்துக்குப் பொறுப்பாளி துணைவேந்தர். பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் கேடென்று அவர் கருதும் சங்கத்தை இடைநிறுத்தவும் அவருக்கு அதிகாரமுண்டு. நற்பெயர் என்பது நெகிழ்ந்த சொல். எவர் கையில் இருக்கிறதோ அவர் கைக்கேற்ப நீளும், குறுகும். தமிழ்நாட்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் 2015 மே மாதத்தில் நீக்கப்பட்டதையும் நோக்குக. பெயர் சொல்லாத ஒருவர் எழுதிய முறைப்பாட்டை மத்திய அமைச்சு அனுப்பிவைத்தது. நிறுவனத்தின் பெயரையும் வசதிகளையும் விதிக்கு மாறாகப் பயன்படுத்தினர் என்று நிர்வாகம் காரணங் கூறியது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, யூன் 7ஆந் திகதி அங்கீகாரம் திரும்பியது. விதி நேற்றும் இருந்தது. மொட்டைக் கடிதம் வந்த நாளில்தான் அது உறக்கம் கலைந்தது.

யாழ்ப்பாண வளாகத்தின் கதை இவை எல்லாவற்றிலும் நமக்கு நெருங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவரக் கல்லூரி இருந்த இடத்திலே, 1974இல் பேராசிரியர் க. கைலாசபதி தலைமையில் அவ்வளாகம் தொடங்கியது. 2001 சனவரி 17ஆந் திகதி, நகரம் இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த வேளையில், மாணவர் ‘பொங்கு தமிழ்’ நிகழ்வை அவ்வளாகத்திலேயே நடத்தினர். ஊரில் எங்கும் கூட முடியாத காலத்தில் ஒரு மதிற்சுவருக்குள் மாத்திரம் கூட முடிந்தது. அன்று அச்சுவரின் மதிப்பை அறியாதவர் இல்லை.

ஆனால் 2016 யூலை 16ஆந் திகதி நிகழ்ந்ததை நாம் மறைத்துப் பேசலாகாது. விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பு. நாதசுரமும் தவிலும் முழங்க அழைத்து வருவது அங்குள்ள வழமை. கண்டிய நடனமும் சேர வேண்டும் என்று சிங்கள மாணவர் கேட்டனர். இணக்கம் ஏற்படவில்லை. நிகழ்ச்சி நாளில் வாய்த்தர்க்கம் கைகலப்பாகிப் பலர் காயமுற்றனர். கல்வி நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன. சிங்கள மாணவர் வீடு சென்று, பின்னரே திரும்பினர். படிவத்தில் நேரமும் மண்டபமும் எழுதியிருந்தாலும், முதலில் மேளமா நடனமா, இரண்டுக்கும் இடமுண்டா என்ற கேள்விக்கு எந்தக் கட்டமும் இருந்திராது. அதனை முன்கூட்டியே ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேசித் தீர்த்திருக்கலாம். மேளமும் கெட்டிருக்காது, நடனமும் கெட்டிருக்காது. இருபாலாரிலும் இதனைச் சொல்லக்கூடிய மூத்தோர் இருந்திருப்பர். நேரத்தில் சொன்னார்களா என்பதே என் ஆற்றாமை. அறிவியல்நகர்ப் பீடங்களிலும் நாட்டின் பல பாகத்துச் சிங்கள, முஸ்லிம் மாணவர் நம் பிள்ளைகளோடு பயில்கின்றனர் என்பதை நினைவிற் கொள்க.

2021 சனவரி 8ஆந் திகதி இரவு, வளாகத்துள் மாணவர் எழுப்பியிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இயந்திரங் கொண்டு இடிக்கப்பட்டது. அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்பது அதிகாரிகள் கூறிய காரணம். நினைவுகூர்தலுக்கு அனுமதி கேட்டால் எவர் தருவார் என்பது மாணவர் கேட்ட கேள்வி. அனுமதியற்ற கட்டிடத்தை அகற்ற விதி இருக்கலாம். அதனை ஏன் இரவில் நிறைவேற்ற வேண்டும் என்பதற்கு எந்த விதிப் புத்தகத்திலும் விடை இல்லை. மாணவர் வாசலில் உண்ணாவிரதம் இருந்தனர். மூன்றாம் நாள், 11ஆந் திகதி விடியற்காலையில், துணைவேந்தரே வந்து மாணவரோடு நின்று அதே இடத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டினார். தூபி அவ்வாண்டிலேயே திரும்ப எழுந்தது.

இவ்வாண்டு அறிவியல்நகருக்கோ வவுனியாவுக்கோ போகும் நம் சங்கத்துப் பிள்ளைகள் முதற் கிழமையிலேயே இரண்டு காரியம் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தம் மன்றத்தின் யாப்பை வாங்கி முழுதும் வாசிக்குக. பெரும்பொருளாளர் யாரென்று அறிந்து, பணம் கேட்கவேண்டி வருமுன்னரே ஒருமுறை போய்க் கண்டு வணக்கஞ் சொல்லுக. வாணி விழாவுக்கு மண்டபம் எடுப்பவர்கள் மேடைத் திரையையும் ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்ளுக.