அடுப்பங்கரையில் ஒரு மன்மதன்

ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் மியூசியத்தில், வெர்மீர் என்ற டச்சு ஓவியர் ஏறக்குறைய 1660-ல் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. வேலைக்காரி ஒருத்தி பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்; அவ்வளவுதான் விஷயம். எல்லோரும் அவள் முகத்தையும் பாலையும் பார்ப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது சுவரின் அடிப்பக்கத்தை. அங்கே வரிசையாகச் சின்னஞ்சிறு ஓடுகள் பதித்திருக்கின்றன. ஒன்றில் வில்லும் கையுமாக மன்மதன் நிற்கிறான்!

சமையலறைக்கு அவன் எப்படி வந்தான்? அது பெரிய கதை.

1603-ல் சிங்கப்பூர் அருகே சாந்தா காத்தரீனா என்ற போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் மடக்கிப் பிடித்தார்கள். அதிலிருந்த சீனப் பீங்கான் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயிற்று. வெள்ளையில் நீலச் சித்திரம்! சீமான்கள் மோகித்துப் போனார்கள். 1644-ல் மிங் வம்சம் கவிழ்ந்து, சீனத்தில் போர் மூண்டதும் சரக்கு வரத்து குன்றியது. டெல்ஃப்ட் நகரத்துக் குயவர்களுக்கு யோகம் அடித்தது. பீர் காய்ச்சும் தொழில் நொடித்துக் காலியாகக் கிடந்த கட்டடங்களில் சூளை போட்டார்கள்.

ஆனால் அவர்கள் செய்தது பீங்கானே அல்ல. சாதாரண மண்ணைச் சுட்டு, வெள்ளீயம் கலந்த வெண்பூச்சால் மூடி, கோபால்ட் நீலத்தால் சித்திரம் எழுதி, மறுபடியும் சுட்டார்கள். போலிதான். ஆயினும் அசல் எட்டாத இடத்துக்கு இந்தப் போலி போயிற்று. ஹாலந்து ஈர பூமி. சுவரின் அடி பொரிந்து உதிரும். தரை கழுவும் தண்ணீரும் தெறிக்கும். அங்கே சுமார் 13 சென்டிமீட்டர் சதுர ஓடுகளைப் பதித்தார்கள். சுவர் பிழைத்தது. நாளடைவில் சீனத்துப் பூக்களுக்குப் பதில் அந்த ஊர்க் கப்பல்களும், மேய்ப்பர்களும், விளையாடும் குழந்தைகளும் ஓட்டில் வந்து அமர்ந்தார்கள்.

பதினான்காம் லூயி மன்னரும் 1670-ல் வெர்சேல்ஸில் தம் காதலிக்காக ஒரு மாளிகை கட்டி, அதன் வெளிப்புறத்தை இதே ஜாதி ஓடுகளால் அலங்கரித்தார். குளிரும் பனியும் அவற்றைப் பாழாக்கின. 1687-ல் மாளிகையை இடித்துவிட்டார்கள். ராஜாவின் ஓடு பெருமைக்கு. வேலைக்காரியின் ஓடு ஈரத்துக்கு. இன்று நாம் அடுப்படியிலும் குளியலறையிலும் ஓடு பதிப்பதும் ஈரத்துக்காகத்தானே?

நாவல் என்பதே கப்பலில் வந்த சரக்கு, நாம் எழுதுவது அதன் நகல் என்று சில பண்டிதர்கள் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் எனக்கு டெல்ஃப்ட் ஓடுதான் நினைவுக்கு வரும். கப்பலில் வந்ததாகவே இருக்கட்டும். இங்கே யார் வீட்டுச் சுவரில் அது பதிந்தது, எந்த ஈரத்தைத் தாங்கியது என்பதல்லவா கேள்வி?