பார்வைக்கு ஒரு கை

நிஜக் கை போலவே தோன்றினாலும் விரல் மடக்கிப் பிடிக்க முடியாத செயற்கைக் கையை வீண் அலங்காரம் என்று ஒதுக்கும் வழக்கம் நூறு ஆண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. அந்தத் தீர்ப்பில், கையை இழந்தவர்களைவிட அவர்களுக்குக் கை வாங்கிக் கொடுத்தவர்களின் கணக்கே அதிகம் பேசியது. முதல் உலகப் போரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கையிழந்து திரும்பியபோது, பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் ஆலையிலும் வயலிலும் ஆள் வேண்டியிருந்தது. ஓய்வூதியச் செலவும் அச்சுறுத்தியது. உடலியல் அறிஞர் ஜூல் அமார் உழைப்பின் அசைவுகளை அளந்து, கருவிகளைப் பூட்டிக்கொள்ளும் வேலைக் கைகளை வடிவமைத்தார். கையுறை மாட்டிய மரக் கை விசேஷ நாளுக்கானதாக ஒதுங்கியது. ஆனால் போர்வீரர்களில் பலர் கனமான வேலைக் கையை மூலையில் போட்டுவிட்டார்கள். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்காமல் நடப்பதும் ஒரு தேவைதான். அது எந்த அளவுகோலிலும் ஏறவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இந்தத் தேவையை ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள். ரேகையும் நரம்பும் தெரிய வார்த்த பி.வி.சி. உறைகள் வந்தன. செய்தித்தாள் மை பட்டாலே அவற்றில் கறை ஏறும், தேய்த்தாலும் போகாது. சிலிக்கோன் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது, கிழியும் என்றாலும். பிரான்ஸில் மருத்துவர் ழான் பியே இத்தகைய கைகளையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். ஜப்பானின் ஷிமானே மாவட்டத்தில், பழைய வெள்ளிச் சுரங்க ஊரான ஓமோரியில், 1974இல் தொடங்கிய நகமுரா பிரேஸ் நிறுவனமும் இதில் பெயர் பெற்றது. எஞ்சிய கையைப் பார்த்து அதன் கண்ணாடிப் பிம்பத்தை வடிக்கிறார்கள்; தோலின் நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றுகிறார்கள்; நகத்தைத் தனியே பதிக்கிறார்கள். இந்த நுட்பத்தை ஒப்பனை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஜப்பானிலிருந்தே வந்தது. 1970இல் ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி, நிஜம் போன்ற கையைக் குலுக்கும்போது அதன் குளிர்ச்சி திடுக்கிட வைக்கும் என்றார். உண்மைதான். ஆனால் அது கையைத் தொட்டவரின் அதிர்ச்சி. அணிந்தவரின் நாளில் பெரும்பகுதி பேருந்திலும் கடையிலும் தொடாமல் கடந்துபோகிறவர்கள் நடுவே கழிகிறது. இன்னொரு மறுப்பு, ஊனத்தை மறைத்தால் சமூகம் மாறாது என்பது. இரு கைகளையும் இழந்த ஹரோல்ட் ரஸல் 1946இல் தன் இரும்புக் கொக்கிகளோடு திரையில் தோன்றி இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார். அந்தத் துணிவை மதிக்கிறேன். அதைத் தேர்ந்தது அவர். எல்லோர் மீதும் அதைக் கடமையாகச் சுமத்துவது நியாயமில்லை. மேலும் அசையாத கையும் காகிதத்தை அழுத்திப் பிடிக்கிறது, பையைத் தாங்குகிறது, கதவைத் தள்ளுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் காப்பீட்டு நிறுவனங்கள் பல இடங்களில் இதை அழகுச் செலவு என்று சொல்லிப் பணம் மறுக்கின்றன. போர்க்கால ஓய்வூதியக் கணக்கிலிருந்து வந்த அந்தப் பிரிவினையை இன்று அவை தொடர்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.