மீட்பு இழுவைப் புள்ளி

மீட்பு இழுவைப் புள்ளி என்பது சேறு, மணல், பனி ஆகியவற்றில் சிக்கிக்கொண்ட வாகனத்தை வெளியே இழுப்பதற்காக அதன் அடிச்சட்டத்தில் பொருத்தப்படும் கொக்கி, வளையம் அல்லது துளையிட்ட தடித்த தகடு ஆகும். இழுபட்டை, வடம், வின்ச் ஆகியவற்றின் முனை இதில்தான் மாட்டப்படுகிறது. சாலையில் மட்டும் ஓடும் மகிழுந்துக்கு இது அரிதாகவே தேவைப்படும் உறுப்பு. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் சேற்றுக்குழி ஓட்டங்களுக்காக மாற்றியமைக்கப்படும் "மட் டிரக்" வகை பிக்கப் வண்டிகளுக்கோ சிக்கிக்கொள்வது விளையாட்டின் ஒரு பகுதி. ஒரே நாளில் பலமுறை இழுத்தெடுக்கப்படும் வண்டிகளும் உண்டு.

இப்புள்ளி முறிந்தால் வண்டி சேற்றில் நின்றுவிடுவதோடு தீங்கு முடிவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இவ்வாறு முறிந்து பறந்த இரும்புத் துண்டுகள் ஓட்டுநர்களையும் அருகில் நின்றவர்களையும் கொன்றுள்ளன. இத்தகைய விபத்தில் பட்டை அறுவதில்லை. அது மாட்டப்பட்ட இரும்பு முறிந்து, நீண்டிருந்த பட்டையால் கவண்கல்லைப் போல் வீசப்படுகிறது.

சேற்றின் பிடி

சிக்கிய வண்டியை நகர்த்தத் தேவைப்படும் விசையை மதிப்பிட அமெரிக்கத் தரைப்படையின் வாகன மீட்புக் கையேடுகள் எளிய விதியொன்றைத் தருகின்றன. சக்கர அளவுக்குப் புதைந்த வண்டியின் தடை அதன் எடைக்குச் சமம். சக்கரத்தின் மேலுள்ள காப்புத் தகடு வரை புதைந்தால் எடையின் இருமடங்கு. ஓட்டுநர் அறை வரை புதைந்தால் மும்மடங்கு. இவ்விதியின்படி 2,500 கி.கி. எடையுள்ள பிக்கப் வண்டிக்கு முறையே 2.5, 5, 7.5 டன் விசை தேவைப்படும். வண்டியின் அடிப்பகுதி ஈரக் களிமண்ணில் படிந்துவிட்டால் உறிஞ்சு விசையும் சேர்ந்துகொள்ளும். எனவே இழுப்பதற்கு முன் சக்கரங்களின் முன்னும் அடிப்பகுதியின் கீழும் மண்வெட்டியால் சேற்றை அகற்றுவதே விசையைக் குறைக்கும் மிக மலிவான வழியாகும். அவசரத்தில் பெரும்பாலும் கைவிடப்படுவதும் இதுதான்.

மேற்கண்டவை மெதுவாகவும் சீராகவும் இழுக்கும்போது எழும் விசைகள். ஓடிவந்து இழுத்தால் கணக்கு மாறுகிறது. 2,500 கி.கி. எடையுள்ள வண்டி மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9,600 ஜூல் ஆகும். இது முழுவதையும் சங்கிலி உள்வாங்குவதாகவும், அது 10 செ.மீ. மட்டுமே விட்டுக்கொடுப்பதாகவும் கொண்டால், உச்ச விசை ஏறத்தாழ 190 கிலோநியூட்டன், அதாவது 20 டன்னை நெருங்கும். அதே வேகத்தில், 8 டன் அறுவலிமையும் அறும் நிலையில் 20 விழுக்காடு நீட்சியும் கொண்ட 9 மீட்டர் நைலான் பட்டையைப் பயன்படுத்தினால் உச்ச விசை 3 டன் அளவிலேயே நிற்கும். வேகம் மணிக்கு 20 கி.மீ. ஆனால் விசை 6 டன்னாக இருமடங்கு ஆகும்; பட்டையில் சேரும் ஆற்றலோ நான்கு மடங்காகும். இவை பட்டையைச் சீரான சுருள்வில்லாகக் கருதி, சிக்கிய வண்டி அசையவில்லை எனக் கொண்டு செய்யப்பட்ட எளிய கணக்குகள். ஆயினும் சங்கிலி கட்டி வெட்டி இழுப்பதை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதை அறிய இவை போதும்.

இழுவைக் குண்டின் இடர்

டிரெய்லரை இணைக்கப் பயன்படும் இழுவைக் குண்டு, மீட்பு இழுவைப் புள்ளி அன்று. பார்வைக்குப் பருமனாக இருந்தாலும் அதன் கழுத்து குறுகியது. அடியில் ஒரே மரையால் பிடிக்கப்பட்டது. சாலையில் சீராக உருளும் டிரெய்லரின் விசைக்காக வடிவமைக்கப்பட்ட அக்கழுத்தில், வெட்டி இழுக்கும்போது பெரும் வளைவுத் தகைவு ஏற்படுகிறது. குண்டின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. நீண்ட பட்டையிலுள்ள ஆற்றலில் 1,000 ஜூல் மட்டுமே அதனைச் சென்றடைந்தாலும் அது மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் பறக்கும். வண்டியின் கண்ணாடியோ கதவுத் தகடோ அதனைத் தடுத்து நிறுத்தும் என எதிர்பார்க்க இயலாது.

குண்டைக் கழற்றிவிட்டு, அது பொருந்தியிருந்த சதுரக் குழாயில் துளையிட்ட திண்ம எஃகுக் கட்டையைச் செருகி, ஷேக்கிளை மாட்டுவது ஏற்கத்தக்க முறையாகும். குழாய் அடிச்சட்டத்துடன் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை.

தொழிற்சாலை வளையங்கள்

புதிய வண்டிகளின் அடியில் காணப்படும் மெல்லிய வளையங்கள் பல, கப்பலிலோ சரக்குந்திலோ வண்டி நகராமல் கட்டிவைப்பதற்கானவை. திருகிப் பொருத்தும் இழுவைக் கண்ணி சமதளச் சாலையில் பழுதான வண்டியை இழுப்பதற்கானது. இரண்டும் சேற்றுக்கு ஏற்றவை அல்ல. இதற்கு ஒரு விதிவிலக்கு போன்றது லேண்ட் ரோவர் வண்டிகளில் புகழ்பெற்ற "ஜேட்" வளையம். பிரித்தானியப் படைகளின் கூட்டு வான்போக்குவரத்து அமைப்பின் பெயரெழுத்துகளைத் தாங்கிய இவ்வளையம், வானூர்தியில் வண்டியைப் பிணைப்பதற்காக உருவானது. அடிச்சட்டத்தை ஊடுருவும் போல்ட்டினால் பிடிக்கப்படுவதால் மீட்புப் பணிக்கும் அது பரவலாகப் பயன்படுகிறது.

பொருத்தும் முறை

கடையில் வாங்கும் கொக்கியின் மீது பொறிக்கப்பட்ட எண் அக்கொக்கியைப் பற்றி மட்டுமே கூறுகிறது. அதனைப் பிடித்திருக்கும் போல்ட், தாங்கும் தகடு, அடிச்சட்டத்தின் சுவர் ஆகியவற்றில் மிக நலிந்தது எதுவோ அதுவே புள்ளியின் உண்மையான வலிமை. பம்பரில் பொருத்திய கொக்கி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு: கொக்கி முறியாது, பம்பரே பெயர்ந்து வந்துவிடும்.

போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால், முதல் எண் அதன் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் என்பதையும், இரண்டாவது எண் அதில் 80 விழுக்காட்டில், அதாவது 640 நியூட்டனில், அது நிலையாக நீளத் தொடங்கும் என்பதையும் குறிக்கிறது. அமெரிக்கப் போல்ட்டுகளில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகள் இருக்கும். மூன்று கோடுகள் ஐந்தாம் தரம், ஆறு கோடுகள் எட்டாம் தரம். எந்தக் குறியும் இல்லாத போல்ட்டுக்கு இங்கு இடமில்லை. 12 மி.மீ. விட்டமுள்ள 8.8 தரப் போல்ட்டின் மரைப் பகுதியின் பயன்படு பரப்பு 84 சதுர மி.மீ. ஆகும். வெட்டு வலிமையை இழுவலிமையின் 60 விழுக்காடாகக் கொண்டால் அது ஏறத்தாழ 40 கிலோநியூட்டனில், அதாவது 4 டன்னில் துண்டிக்கப்படும். 16 மி.மீ. போல்ட்டில் பரப்பு 157 சதுர மி.மீ.; வலிமை ஏறத்தாழ இருமடங்கு. கொக்கியின் இருபுறமும் தகடு அமைத்து, போல்ட்டை இரு தளங்களில் வெட்டுவிசை தாங்கச் செய்தாலும் வலிமை இருமடங்காகிறது.

பழைய பிக்கப் வண்டிகளின் அடிச்சட்டம் பெரும்பாலும் ஒருபுறம் திறந்த வாய்க்கால் வடிவில் இருக்கும். அதன் நிமிர்ந்த சுவரில் துளையிட்டு, உட்புறம் தடித்த ஆதாரத் தகடு வைத்து முடுக்க வேண்டும். வளைவுத் தகைவு மிகும் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுதல் கூடாது. பெட்டி வடிவச் சட்டத்தில் போல்ட்டை இறுக்கும்போது சுவர்கள் உள்நோக்கி நசுங்கும். ஆதலால் சட்டத்தின் ஊடே எஃகுக் குழாய்த் துண்டைச் செருகி, அதன் வழியே போல்ட்டைச் செலுத்துவர். இத்துண்டு இல்லாவிடில் போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் நாளடைவில் தளர்ந்துவிடும்.

கொக்கியைச் சட்டத்துடன் பற்றவைப்பது எளிதாகத் தோன்றினும் இடர் மிக்கது. வெப்பத்தால் பதப்படுத்தப்பட்ட கொக்கியும் போல்ட்டும் பற்றவைப்பின் சூட்டில் தம் வலிமையை இழக்கின்றன. பற்றுக்கு அருகில் எஃகு கடினமாகி நொறுங்கும் தன்மை பெறலாம். குழாய்களால் புதிதாகக் கட்டப்படும் போட்டி வண்டிகளில், இதற்கென விற்கப்படும் மென்னெஃகுத் தகடுகளைத் தேர்ந்த பற்றவைப்பாளர் பொருத்துவது வேறு.

மட் டிரக்குக்கு உயரமும் ஒரு சிக்கல். புள்ளி தாழ்வாக இருந்தால் வண்டி புதைந்தபின் சேற்றுக்குள் கைவிட்டுத் தேட வேண்டும். ஆகையால் சில ஓட்டுநர்கள் இறங்குமுன்பே பின்புறப் புள்ளியில் பட்டையை மாட்டி, மறுமுனையை வண்டியின் மேல் கட்டிவைக்கின்றனர். புள்ளியையே மேலே உயர்த்தினால் நெம்புகோல் விளைவு எழுகிறது. சட்டத்திலிருந்து 20 செ.மீ. மேலே 40 கிலோநியூட்டன் விசை இழுத்தால், 10 செ.மீ. இடைவெளியில் உள்ள இரு போல்ட்டுகளும் அத்திருப்பத்தைத் தாங்க ஒவ்வொன்றும் 80 கிலோநியூட்டன் சுமக்க வேண்டும். சாய்வுத் தாங்கு கம்பி இன்றி உயர்த்தப்பட்ட கொக்கிகள் பின்னோக்கி மடங்குவதன் காரணம் இதுவே.

இழுக்கும் கோணம்

முன்னும் பின்னும் இரண்டிரண்டு புள்ளிகள் இருப்பது நன்று. அவற்றை ஒரே பட்டையால் இணைத்து நடுவில் இழுத்தால் விசை இரு சட்டங்களுக்கும் பகிரப்படும். ஆனால் அப்பட்டையின் இரு கால்களுக்கிடையே உள்ள கோணம் 60 பாகையானால் ஒவ்வொரு புள்ளிக்கும் மொத்த விசையில் 58 விழுக்காடும், 90 பாகையில் 71 விழுக்காடும், 120 பாகையில் முழு விசையும் வந்து சேரும். குட்டையான இணைப்புப் பட்டையால் பயனில்லை. பக்கவாட்டில் இழுப்பது எந்தப் புள்ளிக்கும் கடினமானது. போல்ட்டைவிடத் தகடே முதலில் வளையும்.

தரக்குறியீடுகள்

ஷேக்கிளில் பொறிக்கப்படுவது பாதுகாப்பான பணிச்சுமை. பட்டையில் எழுதப்படுவது அறும் சுமை. 19 மி.மீ. வில் வடிவ ஷேக்கிளில் வழக்கமாகக் காணப்படும் 4.75 டன் என்ற எண்ணையும் பட்டையின் 8 டன்னையும் ஒப்பிட்டு ஷேக்கிளே நலிந்தது என்று கருதுவோர் உளர். ஆறு மடங்கு பாதுகாப்புக் காரணி கொண்ட ஷேக்கிள் 28 டன் வரை உடையாது. இழுவைப் புள்ளியை வாங்குவோர் அதன் எண் இவ்விரண்டில் எதைக் குறிக்கிறது என்று கேட்டறிதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மீட்புப் பட்டைகளுக்குக் கட்டாயப் பாதுகாப்புத் தரம் நடைமுறையில் உள்ளது. இரு வண்டிகளில் இலேசானதன் மொத்த அனுமதி எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அறுவலிமை உள்ள பட்டையே பொருத்தம் என்பது அங்குள்ள வழிகாட்டல். அதனினும் மிக வலிய பட்டை போதிய அளவு நீளாமல், விசையைப் புள்ளியின் மேல் ஏற்றிவிடும்.

சோதித்தல்

கடினமான ஒவ்வொரு மீட்புக்குப் பின்னும் சேற்றைக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டியவை சில. போல்ட் துளை நீள்வட்டமாகியிருத்தல், சட்டத்தின் வண்ணப்பூச்சில் மயிரிழை வெடிப்பு, தகட்டின் ஓரத்தில் துருக்கோடு ஆகியவை உலோகம் நகர்ந்திருப்பதன் அறிகுறிகள். வளைந்த கொக்கியைச் சூடேற்றி நிமிர்த்தி மீண்டும் பொருத்துவது சில பட்டறைகளில் வழக்கமாயினும், அக்கொக்கியின் பழைய வலிமை திரும்புவதில்லை. அதனை மாற்றிவிட வேண்டும். அதனைப் பிடித்திருந்த போல்ட்டுகளையும் உடன் மாற்றுவது வழக்கம்.