கரியும் நிலக்கரியும்

‘காபன்’ என்னும் மேலைச்சொல் தமிழ்க் ‘கரி’யின் பிள்ளை என மேடைதோறும் முழங்குவோர், ஒலி ஒப்பைத் தவிர வேறு சான்று காட்டுவதில்லை. அவர்களினும் கற்றோர், ‘கரி’யைக் கருமைப் பொருளில் அடக்கிவிட்டு அமைதி கொள்கின்றனர். கரி நிறப்பெயரன்று, கரிதல் என்னும் வினையின் விளைவைக் குறிப்பது. நிறமே அடிப்படையாயின், நெய்வேலியில் அகழப்படுவதைப் ‘பழுப்பு நிலக்கரி’ என்றல் முரணாகும். ஈழத்தார் பென்சிற் கனிமத்தைக் ‘காரீயம்’ என்பர் (தமிழகத்தில் இஃது உலோகப் பெயர்). இலங்கையின் போகலச் சுரங்கத்து அக்கனிமமும் காபனே, எனினும் நிறத்தால் சுட்ட வேண்டியபோது மொழி ‘கார்’ என்னும் அடையையே நாடிற்று.

நிலவியலும் இதற்கு இசைகின்றது. சதுப்பில் வீழ்ந்த மரஞ்செடிகள் காற்றுப் புகாது மண்ணடியில் புதைந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நீரும் ஆவிப்பொருள்களும் நீங்கி, காபன் செறிந்து நிலக்கரியாகின்றன. விறகை மண்மூடிச் சுடும் கரிமூட்டத்தில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. மலையாளத்தார் ‘கல்க்கரி’ என்றும் சிங்களவர் ‘கல் அங்குரு’ என்றும் கல்லை முன்னிறுத்த, தமிழ் நிலத்தை முன்னிறுத்திற்று.

ஆயின் நிலக்கரி தரும் அந்நிலம் இலங்கைக்கு வாய்க்கவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டிலேயே, 2011இல் தொடங்கி 2014இல் 900 மெகாவாட்டை எட்டிய நுரைச்சோலை நிலக்கரி அனல்மின் நிலையம் இருந்தும், தீவின் பத்தில் ஒன்பது பங்கு, தரைத்தாவரங்கள் தோன்றுமுன் உருவான பழம்பாறையே. புத்தளம் மாவட்டத்துத் தப்போவ, ஆண்டிகம ஆகிய இடங்களின் யுராசிக் காலப் படிவுகளில் தாவரச் சுவடுகள் கிடைத்தும், அகழ்ந்து எரிக்கத்தக்க படுகை கிடைக்கவில்லை. ஆகவே அயல்நாட்டுக் கரி கப்பலில் வந்து, கடலிலேயே தட்டைப் படகுகளுக்கு மாற்றப்பட்டுக் கரை சேர்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு வேண்டியதும் முன்னரே மலையாகக் குவிக்கப்படுகின்றது.

இனி, யானையைக் குறிக்கும் ‘கரி’ வடசொல். அது இங்கு வேண்டா. 25, 245, 1060ஆம் குறள்களிலும், சிலம்பின் பூதசதுக்கத்துப் ‘பொய்க்கரியாளர்’ வழக்கிலும் ‘கரி’ சாட்சியாகும். இதனை வேறு சொல்லெனப் பிரிப்பார் பிரிக்க. தீப்பட்ட இடத்தில் அழியாது நிற்கும் கரிவடுவே சாட்சிப் பொருளுக்கு வித்தாயிருத்தல் கூடும். நிலக்கரி எரிந்தாலும் அத்தகைய சாட்சி நிற்கின்றது. 12 பங்கு காபன் எரிந்து 44 பங்கு காபனீரொட்சைட்டாகி, வெப்பத்தைத் தடுத்து வைக்கும் வாயுவாய் வானில் தங்குகின்றது. உயிருள்ள தாவரத்தில் காணப்படும் காபன்-14 என்னும் கதிரியக்க வகை, கோடிக்கணக்கான ஆண்டு புதைந்த கரியில் முற்றும் அழிந்திருக்கும். வளிமண்டலக் காபனில் அதன் பங்கு இப்புகையால் தாழ்ந்ததை 1950களில் ஹான்ஸ் சூஸ் மரவளையங்களில் அளந்து காட்டினார். எரித்தவரைக் காட்டிக்கொடுப்பது எரிந்த நிலக்கரியே. வள்ளுவர் வழங்கிய ‘சாட்சி’ப் பொருளும் அதற்குப் பொருந்தும்.